மின்சாரம் மலிவாகும் நேரம்

இரவு பதினொன்றுக்கு மேல்தான் காற்றை ஓட்டுகிறார்கள்.
பகலில் ஓட்டினால் ஈரி ஏரிக்கரையில்
பாதி வீடுகளின் விளக்கு மங்கும் என்றார் ரூடி கொவாசிச்.
மிகைதான்.
ஆனால் மின்கட்டணச் சீட்டுகளைப் பார்த்துவிட்டேன்:
இரவின் விலை பகலில் மூன்றில் ஒன்று.
என் அறிக்கையில் பாராட்டாக வந்த ஒரே வரி அது.

தணிக்கைக்கு வந்தவள் நான்.
அரசின் ஆய்வுக்கூடமும் ஒரு நிறுவனமும்
பதினோரு ஆண்டுகளாகக் கைகோத்திருக்கின்றன.
எந்தக் கை எதை எடுத்தது என்று
மார்ச் முடிவதற்குள் எண்ணிச் சொல்ல வேண்டும்.

காற்றுச் சுரங்கத்தின் நடுவே நட்டுவைத்த இறக்கைத் துண்டு
என் உயரம் இருந்தது.
நிறுவனம் தந்தது. விலை நாற்பத்திரண்டு லட்சம் டாலர்
என்று நிறுவனமே எழுதியும் தந்தது:
"பொருளாக அளித்த பங்கு."
அந்தக் கட்டத்துக்குக் கீழே
ரூடியின் இருபத்தாறு குளிர்காலங்கள்
மணிக்கு இவ்வளவு என்று சுருங்கிக் கிடந்தன.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான்; தெரிந்ததுதான்.
இங்கே எத்தனை விரல், எவ்வளவு நேரம் என்று
வழக்கறிஞர்கள் உட்கார்ந்து
ஒப்பந்தமாகவே எழுதியிருக்கிறார்கள்.

விசிறி சுழன்றது. குழாய்கள் மூடுபனியை உமிழ்ந்தன.
ஏழே நிமிடம்.
இறக்கையின் முன்விளிம்பில் பனி
ஆட்டுக்கடாவின் கொம்புபோல் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது.
எல்லாம் நின்றபின் ரூடி உள்ளே போனார்,
சூடேற்றிய செப்புத் தகட்டால் பனியை ஒரு கீற்று அறுத்து
அதில் அட்டையைச் செருகி
பென்சிலால் விளிம்பை வரைந்தார்,
மூச்சை அடக்கிக்கொண்டு.
மூச்சுப் பட்டால் கணக்கு மாறிவிடும்.

கழுத்தை நீட்டினேன்.
செலெஸ்ட் பிராண்ட்வோல்ட், நிறுவனத்தின் பொறியாளர்,
அட்டையை மெல்லக் கவிழ்த்தாள்.
"ஐந்து ஆண்டுகள், மிஸ் ஹாவர்காம்ப். பிரிவு ஏழு."
கெட்டவள் இல்லை. தன் டோனட்டில் பாதியை எனக்குத் தந்தவள்.

தண்ணீர் நகராட்சியுடையது, குளிர் அரசுடையது,
பனி யாருடையது என்று கேட்டேன்.
"உருகிவிட்டால் உங்களுடையது" என்று சிரித்தாள்.

ரூடி சிரிக்கவில்லை.
"இவர்கள் பணம் வராமல் போயிருந்தால்
குளிரூட்டி அந்த வருடமே செத்திருக்கும்.
இப்போது இங்கே புறாக்கள்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்."
அதையும் எழுதிக்கொண்டேன்.
எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

கோப்பறையில், ஓட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு.
தணிக்கையாளர் பார்க்கலாம், சொல்லக் கூடாது.
வெப்பப் பட்டை வேலை செய்தது.
உருகிய நீர் பின்னால் ஓடி
பட்டை இல்லாத இடத்தில் மீண்டும் உறைந்தது.
இதைக்கூட நான் சொல்லியிருக்கக் கூடாது.
முத்திரை அடுத்த ஆண்டு நவம்பர் வரை.

நான் வந்த விமானத்தில் பத்தொன்பது இருக்கைகள்.
ஜன்னலுக்கு வெளியே இறக்கையில்
நகக்கண் அளவு வெண்மை.
துணை விமானி எழுந்து வந்து
என் தோளுக்கு மேலே குனிந்து டார்ச் அடித்தான்.
இருபத்தைந்து வயது இருக்கும்.
முன்விளிம்பைப் பார்த்தான்.
பின்னால் பார்க்கவில்லை.

கேள்வி பத்தொன்பது: பொதுமக்களுக்குக் கிடைத்த பயன்.
அதிகம், மிதம், குறைவு, அளவிட இயலாது.
பேனா மிதத்தின் மேல் நின்றது, நகர்ந்தது, திரும்பவும் வந்து நின்றது.
கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
"தோற்ற ஓட்டங்களையாவது உடனே வெளியிடுங்கள்."
இது பரிந்துரை ஆகாது, கருத்துதான்
என்று வாஷிங்டனிலிருந்து பதில் வரும்.

விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள்.
கொம்புகள் முதலில் போயின.
பிறகு வெறும் ஈரம், வடிகால், ரூடியின் துடைப்பான்.

ஊர் திரும்ப வாடகைக் கார் எடுத்தேன், ஏழு மணி நேரம்.
வழி நெடுக மேகமே இல்லை.
செலவுப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
"வானிலை" என்று எழுதினேன்.